யார் பேரில் இருக்கிறது இந்த நம்பர்

ஜெரால்டு என் புருஷன். மரியாதையாக 'அவர்' என்று எழுத வேண்டும்தான். கை வரமாட்டேன் என்கிறது. அவனை விட்டுப் பிரிந்து வந்த பிறகும்கூட என் வாயில் 'இன்னாங்க' என்றுதான் வந்துகொண்டிருந்தது. அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டதோடு அது நின்றுபோனது.

காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் சுமலதா. ஆரம்பாக்கத்துப் பெண், நான் நிற்கும் லைனில்தான் அவளுக்கும் வேலை. கவரைப்பேட்டையில் அவள், நான், என் மகள் ஷைனி மூன்று பேரும் ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். பஸ் இரைச்சலில் காதில் விழாது என்று மெசேஜை ஸ்பீக்கரில் போட்டேன். பஸ்ஸே கேட்டது.

"ஏ கிறிஸ்டி, ஞாயித்துக்கெழம சபை முடிஞ்சதும் மூப்பரு முன்னாடி வந்து நில்லு. பொண்ண இட்டுக்கினு நேரா ஊட்டுக்கு வர்ற. வரலேன்னு வெய்யி, உன் நம்பர வேணாம்னு அமுக்கிடுவேன். அது என் பேர்ல இருக்குது, தெரியுமில்ல? கவர்மெண்டே தெருத்தெருவா சொல்லிக்கினு போறான், யார் பேர்ல இருக்குதோ அவங்களுக்குத்தான் நம்பருன்னு. அப்பால பேங்க்கு, பி.எஃப்., பொண்ணு ஸ்கூலு எல்லாத்தையும் எப்படிப் பாக்குறன்னு நானும் பாக்குறேன்." கடைசியில் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மிரட்டுகிறவன் மிரட்டிவிட்டுப் போகலாம், சிரிப்பு எதற்கு?

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் கல்யாணம் ஆனதும் பெண்ணுக்குப் புது சிம் வாங்கிக் கொடுப்பார்கள். தாலி, முகூர்த்தப் புடவை, புது நம்பர். பழைய நம்பரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அதில் யார் யாரோ கூப்பிடுவார்களாம். கூடப் படித்தவன், கூட வேலை பார்த்தவன், அவன், இவன். ஆண்பிள்ளைகளை அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள் போலிருக்கிறது. ஜெரால்டு பழைய நம்பரையும் வைத்துக்கொண்டு, ஆரம்பிக்கப் போகிற வாட்டர் கேன் தொழிலுக்கென்று இன்னொன்றும் வாங்கினான். எனக்குக் கொடுத்த நம்பரைப் பதினோரு வருஷமாக நான்தான் வைத்திருக்கிறேன். பேங்க்கில் அது, பி.எஃப்.பில் அது, ஆதாரில் அது, ஷைனியின் பள்ளிக்கூடத்திலும் அதுதான். ஒரு கதவைத் திறக்க வேண்டுமென்றால் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும்.

அந்த நம்பரையும் அவன் சும்மா விட்டுவைத்ததில்லை. தினம் வேலை முடிந்து வந்ததும் போனை அவன் கையில் கொடுக்க வேண்டும். யார் கூப்பிட்டது, எவ்வளவு நேரம் பேசினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். ஒருநாள் ஷிப்டு மாறிய விஷயத்தைச் சொல்ல எங்கள் லைன் சூப்பர்வைசர் அன்புசெல்வன் கூப்பிட்டார். அந்த மனுஷனைத் திரும்பக் கூப்பிட்டுக் காது கூசப் பேசினான். பிறகு போனை வைத்துவிட்டு என்னை அடித்தான். அதற்கு முன்பும் அடித்திருக்கிறான். அன்றைக்கு ஷைனி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

"இன்னாடி பண்ணப் போற?" என்றாள் சுமலதா.

"தெரில. ஆனா போமாட்டேன்."

நல்லவேளையாக அந்த வாரமே எங்கள் கம்பெனியிலும் செல்போன் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். நாங்கள் கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கிற கம்பெனி. எப்போதும் போனை கேட்டிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அன்றைக்கு மட்டும் கையில் கொண்டுவரச் சொன்னார்கள். கேன்டீனில் பேனர் கட்டியிருந்தது: 'உங்கள் பெயரில் எத்தனை சிம்? தெரிந்துகொள்ளுங்கள்.' அரசாங்கத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பெயர் இளமதி. காட்டன் புடவை, முதுகில் தொங்கும் பை, மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேசுகிற குரல்.

"சிம் வாங்கும்போது உங்க ஆதாரைப் பதிவு பண்றது கட்டாயம். அது உங்க பாதுகாப்புக்குத்தான்," என்றார். "ஆனா உங்க ரேகையை வெச்சு உங்களுக்கே தெரியாம வேற யாராவது சிம் எடுத்திருந்தா? அதுல ஏதாவது மோசடி நடந்தா, போலீஸ் உங்க வாசலுக்குத்தான் வரும். அதனால அரசாங்கத்தோட இந்த சஞ்சார் சாத்தி வெப்சைட் பக்கத்துல பாருங்க. எந்த நம்பரைப் போட்டு உள்ளே போறீங்களோ, அந்த நம்பர் யார் பேர்ல இருக்கோ, அவங்க பேர்ல இருக்கிற எல்லா நம்பரும் வரும். உங்களோடது இல்லைன்னா 'என் நம்பர் இல்லை'ன்னு அமுக்குங்க. உங்களோடதுதான், ஆனா வேணாம்னா 'தேவையில்லை'ன்னு அமுக்குங்க. கம்பெனி பார்த்துட்டு கட் பண்ணிடும்."

கேன்டீன் சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருத்தி பேரில் ஆறு சிம் இருந்தது. அவள் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்று. தெருமுனையில் குடை போட்டு சிம் விற்றுக்கொண்டிருந்தவனிடம் ரேகை வைத்ததாகச் சொல்லி அழுதாள். நான் என் நம்பரைப் போட்டு உள்ளே போனேன். மூன்று நம்பர் வந்தது. என்னுடையது, ஜெரால்டின் பழைய நம்பர், என் மாமியார் வைத்திருப்பது. வாட்டர் கேன் நம்பர் அதில் இல்லை. வேறு யார் பேரிலாவது வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்; எனக்கு என் கவலை.

மேடம் பக்கத்தில் வந்தபோது சொன்னேன். "பதினோரு வருஷமா நான் வெச்சிக்கினு இருக்கேன் மேடம். ரீசார்ஜும் நான்தான் போடுறேன்."

"ரீசார்ஜ் யார் வேணாலும் போடலாம்மா. பேர் யாரோடதோ அவங்கதான் வாடிக்கையாளர். அவர் வேணாம்னு சொன்னா கட் ஆகும்." மேடம் குரலைத் தணித்தார். "இன்னொண்ணும் சொல்றேன். சிம் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி அவர் டூப்ளிகேட் வாங்கினா, உங்க ஓடிபி எல்லாம் அவர் கைக்குப் போயிடும்."

எனக்குப் பயம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. உழைக்கிறது நான், சேர்க்கிறது நான், சாவி மட்டும் அவன் இடுப்பில்.

"அவரு சொல்றபடி ஊட்டுக்குப் போயிட்றதா மேடம்?"

"முதல்ல உங்க பேர்ல ஒரு நம்பர் வாங்குங்க. எல்லாத்தையும் அதுக்கு மாத்துங்க. அப்புறம் போய் சண்டை போடுங்க," என்றார் மேடம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

அன்று சாயந்திரமே கும்மிடிப்பூண்டி பஜாரில் இறங்கி, செல்போன் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனோம். கட்டைவிரல் விழவில்லை. நாளெல்லாம் வயர் மேல் டேப் சுற்றுகிறவர்களுக்கு ரேகை எங்கே மிஞ்சும்? சுமலதா தலையில் தடவியிருந்த எண்ணெயை வழித்து என் விரலில் தேய்த்தாள். கவுண்டரில் இருந்த பெண் முகத்தைச் சுளித்தாள். ஆள்காட்டி விரலும் இல்லை, நடுவிரலும் இல்லை. கடைசியில் மோதிர விரல் விழுந்தது. புது சிம் கைக்கு வந்ததும் எனக்குச் சட்டென்று அழுகை வந்தது. துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, நம்பர் உயிர் பெற்றதும், அதைப் போட்டு அந்தப் பக்கத்துக்குள் போனேன். ஒரே ஒரு நம்பர் வரும் என்று நினைத்தேன். இரண்டு வந்தது.

ஒன்று அன்றைக்கு வாங்கியது. இன்னொன்றில் நடு எண்களை மறைத்திருந்தார்கள். கடைசியில் நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து. மறைத்தால் என்ன, அந்த நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கும்மிடிப்பூண்டி பைபாஸிலிருந்து ஊத்துக்கோட்டை ரோடு வரைக்கும் காம்பவுண்டு சுவர் தவறாமல் நீலப் பெயின்டில் எழுதியிருக்கிறது. 'ஜெரால்டு வாட்டர் சப்ளை. ஒரு போன் போதும்.'

"இது அவன் நம்பராச்சே! உன் பேர்ல எப்படி வந்துச்சு?" என்று சுமலதா கேட்கும்போதே எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்துதான் சிம் கடைக்குப் போனோம். அவன் ஒன்றுக்கு ரேகை வைத்தான், நான் ஒன்றுக்கு வைத்தேன். அப்போது என் விரலில் ரேகை இருந்தது. வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நம்பரையும் கூட்டிப் பார்த்தான். எனக்கு வந்த நம்பரின் கூட்டுத்தொகை ஐந்து. "தொழிலுக்கு அஞ்சுதான் ராசி, உனக்கு எதுக்கு அஞ்சு?" என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அவனுடையதை என்னிடம் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜாதகம், சகுனம் எல்லாம் பிசாசின் வேலை என்று சாட்சி சொல்கிறவன் இவன். என்னிடம் கொடுத்தது அவன் பேரில் இருப்பது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருந்தது, என்னிடமிருந்து பிடுங்கியது என் பேரில்தான் இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"அய்யோ நைனா! அமுக்குடி, இப்பவே அமுக்கு," என்றாள் சுமலதா. "காலைல ஒரு கேன் ஆர்டர் வராது அவனுக்கு."

ஆசையாகத்தான் இருந்தது. விரலைக்கூடக் கொண்டுபோனேன். ஆனால் நான் அமுக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டின புருஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டாள் என்று ஊரெல்லாம் போய் அழுவான். அவன் போட்ட மெசேஜை எல்லோரும் மறந்துவிடுவார்கள், என் விரலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அவனைக் காப்பாற்ற நான் ஒன்றும் விரலை எடுக்கவில்லை. அந்த நம்பரை அவன் வாயாலேயே என்னிடம் கெஞ்சிக் கேட்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது.

அதே நேரம் சும்மா விடவும் முடியாது. அந்த நம்பரைப் போட்டு அவன் உள்ளே போனால், அவனுக்கு வரப்போவது என் பேரில் உள்ளவை. இன்றைக்கு வாங்கிய புது நம்பரும் அவன் கண்ணில் படும். ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். என் பேரில் இருக்கிற எதுவும் அவன் கையில் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும்.

அன்புசெல்வனிடம் லீவு கேட்டேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "முடிச்சிட்டு வாம்மா," என்றார். தபால் ஆபீஸில் ஆதார் கவுண்டர் வரிசையில் நின்றேன். அங்கேயும் விரல் கைவிட்டது. கண்ணைக் காட்டி நம்பரை மாற்றினேன். பேங்க்கில் ஒரு மேஜைக்கும் இன்னொரு மேஜைக்கும் என்னைப் பந்தாடினார்கள். நாஷ்டா சாப்பிடாமல் கிளம்பியவள் மதியச் சாப்பாட்டையும் விட்டேன். பி.எஃப். வேலையை அன்புசெல்வனே ஆபீஸில் சொல்லி முடித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "நம்பர் ஏன் மாறுது?" என்றார். "இது என் பேர்ல இருக்குது டீச்சர்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்குப் பின்னால் இருக்கும் ஹாலுக்குப் போனேன். சுமலதா வாசலில் நின்றுகொண்டாள். மூப்பர் அப்பாவு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் காலனியில் யார் வீட்டுச் சண்டையும் கடைசியில் அவரிடம்தான் போகும். மனுஷன் நல்லவர், ஆனால் எந்தச் சண்டைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான், பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது. ஜெரால்டு வெள்ளைச் சட்டையில், கையில் போனோடு நின்றான். அவன் பக்கத்தில் என் மாமியார்.

"பொண்ணு எங்க?" என்றான்.

"ஊட்டுல."

"அப்போ வர்றதில்லன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்க. மூப்பரே, நீங்களே பாருங்க. நான் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். இப்ப அமுக்குறேன்."

"அமுக்கு," என்றேன்.

நான் அழுவேன், காலில் விழுவேன் என்று எதிர்பார்த்தவன் ஒரு கணம் திகைத்துப்போனான். பிறகு ரோஷம் வந்து, போனைத் தட்ட ஆரம்பித்தான். தன் தொழில் நம்பரைப் போட்டான், ஓடிபி வந்தது, உள்ளே போனான். விரலை மேலும் கீழும் ஓட்டினான். மறுபடியும் ஓட்டினான்.

"இன்னாடி இது? உன் நம்பரையே காணோம். ரெண்டே ரெண்டுதான் இருக்குது. ஒண்ணு என்னுது. இது யாருது? எவனோட நம்பருடி இது?"

"ரெண்டுமே என்னுது," என்றேன். "நீ வெச்சிருக்கிறது என் பேர்ல இருக்குற நம்பரு. ராசியான நம்பருன்னு என் கையில இருந்து புடுங்கின பாரு, அது. எனக்குக் குடுத்ததுதான் உன் பேர்ல இருக்குது. அத அமுக்கணும்னா உன் பழைய நம்பரைப் போட்டு உள்ளே போ. தாராளமா அமுக்கு. பேங்க்கு, ஸ்கூலு எல்லாத்தையும் நான் வேற நம்பருக்கு மாத்திட்டேன்."

"புருஷன நீ, வா, போன்னு சொல்றா பாருங்க மூப்பரே," என்றாள் மாமியார்.

"அத விடுங்க அத்தை. ஒங்க புள்ள கையில இருக்குற தொழில் நம்பரு என் பேர்ல இருக்குது. அதக் கேளுங்க."

மூப்பர் போனை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். மாமியாருக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே குரல் மாறிவிட்டது. "யார் பேர்ல இருந்தா இன்னாமா? எல்லாம் ஒரே ஊடுதானே? புருஷன் பொஞ்சாதிக்குள்ள உன் பேரு என் பேருன்னு இன்னாத்துக்கு?"

நான் என் போனை எடுத்து அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டேன். ஹாலில் அவன் குரல் நன்றாக எதிரொலித்தது. 'அது என் பேர்ல இருக்குது, தெரியுமில்ல?' என்ற இடத்தில் மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசிச் சிரிப்பு வரைக்கும் முழுதாக ஓடவிட்டேன்.

ஜெரால்டு மூப்பர் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். "அப்போ இந்தப் புது நம்பரை நான் அமுக்குறேன். இப்ப இன்னா பண்ணுவ?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். என் போனிலும் அதே பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தேன். அவன் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினேன். "அமுக்கித்தான் பாரேன். எனக்கு ஒரு வாரத்து நம்பரு. இன்னொரு தபா அலைஞ்சி மாத்திக்குவேன். உனக்கு சுவத்துல இருக்குற நம்பரு. நீ அமுக்குன அடுத்த நிமிஷம் இத நான் அமுக்குவேன்."

அவன் விரல் திரைக்கு மேலேயே நின்றது. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் நான் விரலை எடுக்கவில்லை.

"கர்த்தருக்குப் பொதுவா கேக்குறேன், ரெண்டு பேரும் போனைக் கீழ வையுங்க," என்றார் மூப்பர்.

"அவன் மொதல்ல வெக்கட்டும் ஐயா."

மூப்பர் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வைத்தான். வைத்ததும் ஆளே தளர்ந்துவிட்டான். "அம்மாடி, கம்பெனிங்க, ஹாஸ்டலுங்க எல்லாம் அந்த நம்பருக்குத்தான் கூப்புடுறாங்க. அது போச்சுன்னா நான் பூட்டேன்."

"அதே தான்," என்றேன். "பஸ்ல உன் மெசேஜ கேட்டுக்கினு நானும் அதத்தான் நெனச்சேன். நீ சிரிச்ச."

மூப்பர் தொண்டையைச் செருமினார். "அவன் பண்ணது தப்புதான். இப்ப நீ இன்னாமா சொல்ற?"

"நாளைக்குக் காலைல ஷோரூமுக்கு வரணும். மொதல்ல என் நம்பர என் பேருக்கு மாத்திக் குடுக்கணும். அப்பால அவன் நம்பர அவன் பேருக்கு நான் மாத்திக் குடுக்குறேன். அது வரைக்கும் அவனோட இந்தப் போனு உங்க கையில இருக்கட்டும் ஐயா. வரலேன்னா அமுக்கிடுவேன். அவன் மாதிரி ஒளிஞ்சிக்கினு சொல்லல, உங்க முன்னாடி சொல்லிட்டுத்தான் அமுக்குவேன்."

"ரெண்டும் சரியாயிட்டா, ஊட்டுக்குப் போறியா?"

"நம்பரப் பத்தி மட்டும் பேசலாம் ஐயா."

மறுநாள் நான் போவதற்கு முன்பே அவன் ஷோரூம் வாசலில் நின்றிருந்தான். மூப்பர் போனோடு வந்தார். முந்தின நாள் ராத்திரி வரைக்கும் அது மூப்பர் வீட்டில் அடித்துக்கொண்டே இருந்ததாம். தண்ணி கேட்டவர்களுக்கெல்லாம் அவரே ஸ்தோத்திரம் சொல்லி வைத்திருக்கிறார். கவுண்டரில் எனக்கு சிம் கொடுத்த அதே பெண்தான் இருந்தாள்.

"இந்த நாற்பத்தஞ்சு நம்பருக்கு ஓனர் யாரு?"

"நான்தான்," என்றான் ஜெரால்டு, பழக்க தோஷத்தில்.

"கிறிஸ்டினான்னு காட்டுதே சார்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் கழுத்து வரை சிவந்துவிட்டது. "ஓனரு இவங்கதான்," என்று என்னைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க நான் முயற்சி எதுவும் எடுக்கவில்லை.

முதலில் என் நம்பர். "இதை மேடத்துக்கு மாத்திட்டா, இனிமே இந்த நம்பர் மேல உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. சம்மதமா சார்?" என்றாள் அந்தப் பெண். அவன் ஏதோ முனகினான். "கேக்கல சார்." "சம்மதம்," என்றான். ரேகை வைத்தான். ஒரே தடவையில் விழுந்தது. கேன் தூக்குவதெல்லாம் அவனிடம் வேலை செய்யும் ஆட்கள்தான்.

அடுத்து அவனுடையது. என்னிடமும் அதே கேள்வி. கல்யாணத்தன்று பாஸ்டர் சம்மதமா என்று கேட்டபோது என் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற என் அப்பா வழி அத்தை ஒருத்தி எனக்காகத் தலையை ஆட்டினாள். இன்றைக்கு என் குரல் வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் கேட்டிருக்கும்.

விரல் விழவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்தேன். மிஷின் சிவப்பு விளக்கையே காட்டிக்கொண்டிருந்தது. ஜெரால்டுக்கு வியர்த்து ஊற்றியது. "கொஞ்சம் அழுத்தி வை கிறிஸ்டி. தயவு பண்ணி நல்லா வையிமா," என்றான். பதினோரு வருஷத்தில் அவன் என்னிடம் தயவு பண்ணி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மோதிர விரல் விழும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வைத்தேன்.

வெளியே வந்தோம். மூப்பர் சர்ச்சு வேலையாகக் கிளம்பிப் போனார். ஜெரால்டு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அதே சிரிப்பு. வந்த காரியம் முடிந்ததும் மனுஷன் பழையபடி ஆகிவிட்டான்.

"எல்லாம் சரியாப் போச்சு. உன்னுது உனக்கு, என்னுது எனக்கு. இதுக்கு இத்தினி பேஜாரு பண்ணணுமா? போயி துணிமணி எடுத்துக்கினு வா. சாயந்தரம் வண்டி அனுப்புறேன்."

நான் ஷேர் ஆட்டோ வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

அவன் போனை எடுத்து எதையோ அமுக்கினான். என் கையில் போன் அடித்தது. திரையில் அவன் பேர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்கூட இல்லை.

"பாரு, அடிக்குது. எடு, சரியா பேசுதான்னு பாக்கலாம்," என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எடு கிறிஸ்டி."

அடித்தது.

"எடுறீ!"

முழுக்க அடித்து அதுவாக ஓயும் வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சிப்காட் போகிற ஷேர் ஆட்டோ வந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டேன். அரை ஷிப்டாவது கிடைக்கும். வண்டி கிளம்பியதும் மறுபடியும் அடித்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "போனு அடிக்குது பாருமா," என்றார்.

"அடிக்கட்டும்மா," என்றேன்.